தண்டவாளத்தில் வேலை செய்தவர் இறந்தால்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் தண்டவாள வேலைக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து அவருடைய மனைவி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பக்கம், முழுக்கச் சிங்களம். "தம்பி, இதிலை அவற்ரை பிழை எண்டு எழுதியிருக்கோ?" என்றுதான் கேட்டார். அப்படி எதுவும் அதில் இல்லை. ஏதோ ஒரு பத்திரத்தின் பிரதியை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எத்தனை இரவு நித்திரையில்லாமல் இருந்தாரோ தெரியாது.

அதன் பிறகு வேறு குடும்பங்களும் தொழிற்சங்கத்துப் பொடியன்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. வழக்கு என்று வரும்போது சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.

வேலையில் இறந்தவர் என்று யாரைச் சொல்கிறோம்? புகையிரதத் திணைக்கள ஊழியரை மட்டுமா?

இல்லை. சிலிப்பர் கட்டை மாற்றுபவர், சிக்னல் கம்பி திருத்துபவர், பெட்டி கொழுவுபவர், ஒப்பந்தக்காரரின் கீழ் நாள் சம்பளத்துக்குக் கல் கொட்டுபவர், கடவையில் படலை மூடுபவர், இவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள்தான்.

கடவைக் காப்பாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990இல் நின்ற கோச்சி 2014 ஒக்டோபர் 13இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போனது. வடக்கில் ஏராளமான கடவைகளில் காவலுக்கு நின்றவர்கள் புகையிரதத் திணைக்கள ஊழியர்களாக இருக்கவில்லை. பொலிஸ் திணைக்களத்தின் ஊடாக, நாளுக்கு 250 ரூபாவுக்கு வைக்கப்பட்டவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பல தடவை வீதியில் இருந்தார்கள். அப்படி ஒருவர் கடமையில் இறந்தால் முதலாளி யார்? புகையிரதமா, பொலிஸா? குடும்பம் முதலில் முட்டுவது இந்தச் சுவரில்தான். ஆகவே நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வரவுப் புத்தகத்தின் படம், எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கு உயிரோடு வேலைக்குப் போகிறவர்களும் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மரணம் நடந்த அன்று குடும்பம் என்ன செய்ய முடியும்?

அழத்தான் முடியும். ஆனாலும் சொந்தத்தில் ஒருவரோ சங்கத்தில் ஒருவரோ நிதானமாக நின்று சில காரியங்களைப் பார்க்க வேண்டும்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரணம் என்றால் மரண விசாரணை நடக்க வேண்டும். மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ அதை நடத்துவார். உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். மரணம் நடந்த இடத்தைப் பொறுத்து விடயம் சாவகச்சேரி, யாழ்ப்பாணம், மல்லாகம் நீதவான் நீதிமன்றங்களில் ஒன்றுக்குப் போகும். எந்தப் பொலிஸ் நிலையம், முறைப்பாட்டு இலக்கம் என்ன, எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதலில் கேட்கப் போவது இவற்றைத்தான்.

மரண விசாரணையில் குடும்பத்தவரிடம் வாக்குமூலம் கேட்பார்கள். பெரும்பாலும் உடலை அடையாளம் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். அங்கேயே மற்றதையும் சொல்லுங்கள். முதல் நாள் இரவு வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தார், அன்று விடிய எத்தனை மணிக்குப் போனார், "ஆள் காணாது" என்று எப்போதாவது சொன்னாரா, தொலைபேசியில் யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்த வாக்குமூலத்தில் பதியப்படட்டும். கையெழுத்து வைக்க முன் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவருடைய கைத்தொலைபேசியை அழிக்கவோ விற்கவோ வேண்டாம்.

"அவர் கவனமில்லாமல் நிண்டவர்" என்று சொல்லுகினம். அதோடு கதை முடிந்ததா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுக்க விரும்புகிறேன்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரெயில் ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் ஓடும். அரைக் கிலோமீற்றரைக் கடக்க அதற்கு 18 செக்கன் போதும். நீளமாகப் பற்றவைத்த புதிய தண்டவாளத்தில் பழைய 'தடக் தடக்' சத்தமும் இல்லை. கல் அடித்துக்கொண்டோ இயந்திரம் ஓட்டிக்கொண்டோ இருப்பவருக்கு ரெயில் வருவது கேட்காது. இதனாலேயே உலகம் முழுவதும் தண்டவாள வேலைக்கு வேலையாளின் காதையும் கண்ணையும் நம்பி இருப்பதில்லை. வேலை நடக்கும் துண்டில் ரெயில் வராமல் பாதையை மறிக்க வேண்டும். அல்லது முன்னுக்கும் பின்னுக்கும் கொடியோடு ஆள் நிறுத்தி, நிலைய அதிபருக்கும் சாரதிக்கும் அறிவிக்க வேண்டும். "முன்னும் பின்னும் கொடிக்காரன் நிக்காமல் தண்டவாளத்திலை குனியாதே" என்று, 1990க்கு முன் கொடிகாமத்துப் பக்கம் வேலை செய்த என் பெரியப்பா சொல்வார். அவருக்கு அது பழக்கத்தில் வந்த பாடம். இன்றைக்கு அது எழுதப்பட்ட கடமையாக இருக்க வேண்டும். அந்தக் கடமை யாருடையது என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

1988 டிசம்பர் 12இல் இலண்டனின் கிளபம் சந்தியில் ரெயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் திருத்திய ஒருவர் ஒரு பழைய கம்பியைச் சரியாகக் கழற்றாமல் விட்டதுதான் உடனடிக் காரணம். அதோடு விட்டிருந்தால் ஒரு தொழிலாளியின் தலையில் முடிந்திருக்கும். பகிரங்க விசாரணை இன்னும் ஆழமாகத் தோண்டியது. அந்த மனிதர் முந்தைய 13 கிழமையில் ஒரேயொரு நாள்தான் ஓய்வு எடுத்திருந்தார். அவருடைய வேலையை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லும் ஏற்பாடும் சரியாக நடக்கவில்லை. பிழை மேலிடம் வரை போனது.

தென்கொரியாவின் சோல் நகரில், 2016 மே 28. குவி மெட்ரோ நிலையத்தில் மேடைக் கதவு (மேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உள்ள கதவு) திருத்தப் போன 19 வயதுப் பையன் ரெயிலில் அடிபட்டு இறந்தான். அவன் உப ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியன். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, அவன் தனியே போயிருந்தான். விதியை மீறியது அவன்தான் என்ற பேச்சு முதலில் வந்தது. அவனுடைய பையில் உடனடி நூடில்சும் கரண்டியும் இருந்தன, சாப்பிட நேரமில்லாமல் ஓடியிருக்கிறான். சனம் அந்த மேடைக் கதவில் சின்னச் சின்னக் கடதாசிகளில் எழுதி ஒட்டத் தொடங்கியது. சில நாளில் மெட்ரோ நிறுவனமே இது இறந்தவரின் குற்றமல்ல, நிர்வாகத்தின் குறைபாடு என்று பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. இரண்டாவது ஆள் ஏன் இல்லை என்ற கேள்வியை மக்கள் கைவிடாதபடியால்தான் அது நடந்தது.

இத்தாலியில் பிரன்டிசோ என்ற இடத்தில், 2023 ஓகஸ்ட் 30 நள்ளிரவை அண்டி, தண்டவாளம் மாற்றிக்கொண்டிருந்த ஐந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ரெயில் அடித்துக் கொன்றது. பாதை மறிக்கப்பட்டது என்ற அனுமதி வரமுன் வேலை தொடங்கியிருந்தது. வழக்குத் தொடுநர்கள் அங்கே நின்ற இரண்டொருவரோடு நிறுத்தவில்லை. ஒப்பந்த நிறுவனத்தையும் தண்டவாளத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் பொறுப்பாளர்களையும் விசாரணைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆகவே "கவனக்குறைவு" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டியவை இவை: அன்று பாதை மறிக்கப்பட்டதா? மறிக்கும்படி யார் கேட்டார், யார் அனுமதி கொடுத்தார், எத்தனை மணிக்கு? கொடிக்காரர் யார்? அந்தக் குழுவில் இருக்க வேண்டியது எத்தனை பேர், இருந்தது எத்தனை பேர்? அவர் கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார், எந்த மொழியில்? இந்தக் கடைசிக் கேள்வியை வடக்கில் விடவே கூடாது. சிங்களத்தில் மட்டும் எழுதிய பாதுகாப்பு அறிவுறுத்தல் தமிழ் வேலையாளுக்கு அறிவுறுத்தலே அல்ல.

எத்தனை விசாரணை நடக்கும்? எது பகிரங்கம்?

பொலிஸ் விசாரணை ஒன்று. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வரும், ஐந்து வருடம் வரை சிறை. நீதிமன்றத்தில் நடப்பதைப் பொதுவாக யாரும் இருந்து கேட்கலாம்.

திணைக்களத்தின் உள்ளக விசாரணை இன்னொன்று. பெரிய விபத்தென்றால் அமைச்சரும் குழு நியமிப்பார். உத்தியோகத்தர் மேல் ஒழுக்காற்று நடவடிக்கை என்றால் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின்படி ஆரம்ப விசாரணையும் பிறகு முறையான விசாரணையும் நடக்கும். இவை பூட்டிய அறைக்குள் நடப்பவை. உண்மையான காரணம் பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. அதனால் எங்கள் முயற்சியில் பெரும் பங்கு இந்தக் காகிதத்தை வெளியே எடுப்பதாகத்தான் இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரச சொத்துக்குச் சேதம் வந்தால் அரசின் நிதிப் பிரமாணம் 104இன்படி ஏழு நாளுக்குள் ஆரம்ப அறிக்கையும் மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கையும் கொடுக்க வேண்டும். ரெயில் இயந்திரத்தின் முன்பக்கம் நசுங்கினால் அதற்குத் திகதி உண்டு. அந்த இயந்திரம் அடித்த மனிதனுக்கும் அதே அளவு அவசரம் வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசையா?

அறிக்கையை எப்படிக் கேட்டு எடுப்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம், இறந்தவரின் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஒப்புகைக் கடிதம் வாங்காமல் விடாதீர்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.

பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று கிழமைக்குள் பதில் தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்பதைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். "விபத்துப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் மறுப்பது இலகு. நான் ஒரு குடும்பத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"இன்ன திகதி, இன்ன இரு நிலையங்களுக்கு இடையில் நிகழ்ந்த மரணம் தொடர்பாக: விசாரணைக் குழுவின் அறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதி, அன்றைய வேலைக்குழுவின் கடமைப் பட்டியல், பாதையை மறிப்பதற்கான கோரிக்கையும் அனுமதியும் பதிந்த பதிவேட்டின் அந்த நாளுக்குரிய பக்கம், ஒப்பந்தத்தில் பாதுகாப்புப் பற்றிய நிபந்தனைகள், விபத்தின் பின் வழங்கப்பட்ட புதிய அறிவுறுத்தல்கள்."

பதிவேட்டுப் பக்கத்தை மறக்க வேண்டாம். அறிக்கையைப் பிறகு எழுதுவார்கள். பதிவேடு அன்றைக்கே எழுதப்பட்டது.

"விசாரணை நடக்குது, தர ஏலாது" என்கிறார்கள்.

சும்மா அப்படிச் சொல்லிவிட முடியாது. எந்த விதிவிலக்கின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குற்ற விசாரணைக்குப் பெரும் பாதிப்பு வரும் என்றால் மறுக்கலாம். ஆனால் பொதுநலன் அந்தப் பாதிப்பை விட மேலோங்கி இருந்தால் கொடுக்க வேண்டும் என்று 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஒரு பகுதியை மறைத்து மற்றதைத் தரவும் சட்டத்தில் இடமுண்டு. அதே துண்டில் நாளைக்கும் ஆட்கள் வேலை செய்யப் போகிறார்கள். உங்கள் மேன்முறையீட்டில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

பதில் சிங்களத்தில் வந்தால்?

திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

சிங்களம் தெரிந்த ஒருவரைப் பிடித்து வாசிப்பித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். கடிதத்தை வாசித்துக் காட்டி அனுப்பினேன், தமிழில் தரச் சொல்லி ஒரு வரி எழுதவில்லை. அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பெண் தன் கணவன் எப்படி இறந்தான் என்பதை அயலவர் வாயால் கேட்க வேண்டியதில்லை.

நட்டஈடு யார் தருவார்?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில், வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்றால் போதும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றாலும் அந்த வேலையைக் கொடுத்த பிரதான தரப்பிடமும் கேட்க வழி இருக்கிறது. உச்சத் தொகை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

மரண நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் வைப்பிட வேண்டும். செத்தவீட்டில் கடித உறையைத் தந்துவிட்டு "இதோடை சரி, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றால் வைக்காதீர்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படியான ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது, ஆனால் அதைச் சொல்லி உங்களை அலைக்கழிப்பார்கள். செலவுக்கென்று மனிதாபிமானமாகத் தருவதை வாங்கலாம், என்ன காசு என்று எழுதி வாங்குங்கள்.

நிரந்தர அரச ஊழியர் என்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும் உண்டு. பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

நட்டஈடு எடுத்தால் வழக்குப் போட முடியாதா?

ஒரே மரணத்துக்கு ஆணையாளரிடமும் சிவில் நீதிமன்றத்திலும் இரண்டு தடவை நட்டஈடு எடுக்க முடியாது. எந்த வழி நல்லது என்று தொடங்க முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். சிவில் வழக்குக்கு இரண்டு வருடம்தான் காலம். அரசுக்கு எதிராக என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். காசு வாங்கியதால் பொலிஸ் வழக்கோ தகவல் கேட்கும் உரிமையோ இல்லாமல் போகாது. இதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். "நட்டஈடு எடுத்திட்டியள்தானே, இனி என்ன?" என்று கேட்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அடிப்படை உரிமை வழக்கு?

முடியும், ஆனால் காலம் மிகக் குறுகியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எங்கள் சனத்துக்கு அது எப்படியான மாதம் என்று யோசித்துப் பாருங்கள். எட்டுச் செலவு முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து, கூடாரம் கழற்றி, சொந்தக்காரர் போய், மனிசி முதன்முதலாகத் தனியே இருந்து யோசிக்கும் நாளில் அந்த வாசல் பூட்டப்பட்டுவிடுகிறது.

ஆகவே அந்த மாதத்துக்குள் யாராவது ஒருவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் காரியாலயத்துக்குப் போய் முறைப்பாடு கொடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்ததோடு விடாமல் விசாரணை உண்மையில் தொடங்கியதா என்றும் பாருங்கள், நீதிமன்றம் அதைக் கேட்கும். உயிர் வாழும் உரிமை என்று அரசியலமைப்பில் நேரே எழுதியில்லை. ஆனால் பொலிஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகிப் பிறகு இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில் 2003இல் உயர் நீதிமன்றம் அந்த உரிமை உள்ளடங்கியிருப்பதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணின் பிடிவாதத்தில்தான் மற்ற விதவைகளும் இன்று நிற்கிறார்கள்.

சாரதியைக் கைது செய்தால் போதுமா?

போதாது, பல தடவை அது நியாயமும் இல்லை. தண்டவாளத்தில் ஆள் நிற்பதைக் கண்டபின் ரெயிலை நிறுத்த அவருக்கு வழியில்லை. அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தவரும் அவர்தான். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: முன்னுக்கு வேலை நடக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? பதில் 'இல்லை' என்றால், விசாரணை அவரைக் கடந்து போக வேண்டும்.

கூட வேலை செய்தவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது, நாள் சம்பளக்காரருக்கு நாளைக்கு வேலை இல்லாமல் போகும். சங்கத்தின் ஊடாகச் சொல்லச் சொல்லுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். அவர்களை முகநூலில் பெயர் சொல்லி இழுக்காதீர்கள். இறந்தவரின் படத்தையும் போடாதீர்கள், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தங்களைத் தாங்களே விசாரித்தால் எப்படி நம்புவது?

இதுதான் அடிவேர். இந்தியாவில் ரெயில் பாதுகாப்பு ஆணையர் ரெயில்வே அமைச்சின் கீழ் இல்லை, வேண்டுமென்றே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழ் வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2005 முதல் ரெயில் விபத்துகளை ஆராயத் தனிக் கிளை இயங்குகிறது. அது யாரையும் குற்றவாளி என்று சொல்லாது. ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதி, அறிக்கையை எல்லோரும் வாசிக்க வெளியிடும். எங்களுடைய திணைக்களம் தன் ஆட்களை வைத்துத் தன் பிழையை ஆராய்கிறது. எங்கள் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பெயரே சொல்வதுபோல் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதியது. ஓடும் பாதையில் வெயிலுக்குள் நிற்பவனுக்கு அது போதாது.

சுயாதீன அமைப்பு வேண்டும் என்று பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். திணைக்களம் என்பதால் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். செத்தவீட்டுக்கு வந்து கைகொடுத்த உறுப்பினரிடம், எத்தனையாம் திகதி சபையில் கேள்வி கேட்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பரிந்துரை எழுதினார்கள். நடைமுறைக்கு வந்ததா என்று எப்படித் தெரியும்?

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தகவல் கோரிக்கை போடுங்கள்: பரிந்துரை ஒவ்வொன்றும் எந்தத் திகதியில், யாரால் நிறைவேற்றப்பட்டது, எவ்வளவு செலவு? பிறகு ஒரு நாள் விடிய, பாதுகாப்பான தூரத்தில், கடவையின் வெளிப்பக்கம் நின்று பாருங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கொடியோடு ஆள் நிற்கிறாரா? இல்லாவிட்டால் திகதியையும் நேரத்தையும் எழுதி, அன்றைக்கே நிலைய அதிபரிடம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.